லைன் என்ற சொல்லும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டும்

என் மகளைத் தேடப்போய், ஒரு தேயிலைத் தோட்டத்தையே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கொண்டுவந்து நிறுத்தியவள் நான். இன்றைக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் போனால், "டீச்சரம்மா, இந்த ஞாயித்துக்கெழம பெரட்டு உண்டுங்களா?" என்று யாராவது ஒருத்தி கேட்காமல் விடுவதில்லை. நானும் சிரித்துவிடுகிறேன். சிரித்தபடியே மகள் எங்கே நிற்கிறாள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

கொட்டகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரே கட்டடம், ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை. என் கணவர் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். எங்களுக்கு ஒரே பெண். என் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்ததும் அவளை ஹட்டனில் சேர்த்தோம். காலையில் பஸ்ஸில் போவாள், மாலையில் பஸ்ஸில் வருவாள். வரும் பஸ்ஸுக்காக நான் அரை மணி நேரம் முன்பே போய் ரோட்டில் நிற்பேன். "பஸ் எப்ப வரணுமோ அப்பத்தான் வரும், நீ சீக்கிரம் போனா அதுவும் சீக்கிரம் வருமா?" என்று கணவர் கேட்பார். அவருக்கு எதற்கும் பதற்றம் கிடையாது. பச்சைக் கொழுந்து கறுப்பாகும்வரை பொறுத்திருந்து பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்.

மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஆகஸ்ட் விடுமுறைக்கு அவளுடைய ஆங்கில ஆசிரியை ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். சாதாரணமான ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது நம் ஊரில் எங்கெங்கே புழங்குகிறது, என்னென்ன பொருளில் புழங்குகிறது என்று காதால் கேட்டு எழுத வேண்டும். யாரிடம் கேட்டது என்றும் எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் செல்லாது.

மற்றப் பிள்ளைகள் பஸ், டிக்கெட் என்று எடுத்துக்கொண்டார்களாம். என் மகள் வாசலில் நின்று எதிரே பார்த்தாள். மலைச்சரிவில் வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள் தெரிந்தன.

"அம்மா, லைன் எடுத்துக்கிறேன்."

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. கொப்பியும் பென்சிலுமாகத் திரிந்தாள். அந்தக் கொப்பியே முதல் வரவாயிற்று. ஆங்கில எழுத்துப் பழக நான் வாங்கிக்கொடுத்த நாலு லைன் கொப்பி அது. தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹட்டனுக்கு லைன் கெடைக்கல" என்று கத்தியது இரண்டாவது. தொழிற்சாலையில் கூரைக்குக் கீழே ஒரு நீள இரும்புத்தண்டு சுழலும். அதிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி உருட்டு மெஷின்களைச் சுழற்றும். அதற்கு லைன் சாப்ட் என்று பெயர். அது அப்பா கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு மனு எழுதி வாங்க வரும் ஒருவர், பிரஜாவுரிமை விண்ணப்பத்தைக் காட்டி, "இந்தப் புள்ளி லைன்லதான் கைநாட்டு வைக்கணுங்களா டீச்சரம்மா?" என்று கேட்டபோது, என் மகள் அடுப்பங்கரையிலிருந்து கொப்பியோடு ஓடிவந்தாள். மனுஷர் பயந்து விரலை மடக்கிக்கொண்டார்.

சட்டைத்துணி வாங்கக் கொட்டகலை பஜாருக்குப் போனோம். அந்தக் கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"புள்ளைக்கா டீச்சர்? பூப் போட்டதும் ஈக்கிது, லைன் போட்டதும் ஈக்கிது. எது வேணும் மகள்?"

"லைன்!" என்றாள் அவள். துணிக்காக அல்ல. கொப்பி அதற்குள் விரிந்துவிட்டது.

அந்த நேரம் ஒருவர் உள்ளே வந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். நானா கையை விரித்தார். "அது நம்மட லைன் இல்ல தம்பி, அடுத்த கடையப் பாருங்க."

"நானா, ரெண்டு லைன் சொல்லிட்டீங்க!"

விஷயத்தைச் சொன்னதும் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வழவழப்பான துணி ஒன்றை எடுத்து மேசைமேல் வீசினார். "இந்தா, லைனிங். இதையும் எழுதிக்கங்க. மூணுக்கும் காசு கேக்க மாட்டன்."

அன்று மாலை, பயிற்சிக் கல்லூரியில் நான் வாங்கிய அகராதியை எடுத்தோம். பின்னட்டை போய் ஆண்டுக்கணக்கானது. புத்தகத்தைப் பார்த்து எழுதினால் செல்லாது என்றாலும், சொல்லின் பிறப்பைப் பார்ப்பதில் தவறில்லை என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஆளிச்செடிக்கு லத்தீனில் லினம் என்று பெயராம். அதன் நாரில் திரித்த நூலிலிருந்து லைன் என்ற சொல் வந்ததாம். லினன் துணியும் அதே செடியின் பிள்ளை. கோட்டுக்கு உள்ளே லினன் வைத்துத் தைத்ததால்தான் நானாவின் லைனிங். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு, கோட்டின் மேல் எழுத்து, கோடுபோல் நிற்கும் ஆட்கள், கோடுபோல் ஓடும் தண்டவாளம். ஒரு செடியின் நார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தானே சுவர் வைக்கிறார்.

"அப்ப நம்ம லயம்?" என்றாள்.

அதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். ஒரே கூரையின் கீழ் ஒற்றை அறை வீடாகப் பத்துக் காம்பராவை வரிசையாகக் கட்டிவிட்டு வெள்ளைக்காரன் லைன் என்றான், நம் ஆட்கள் வாயில் அது லயமாயிற்று என்று சிலர் சொல்வார்கள். குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டையும் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தலை நிமிராமல், "குதிரைக்குக் கொஞ்சம் பெருசாக் கட்டுவானுங்க. இது லைன்தான்" என்றார்.

மகள் அதையும் எழுதிக்கொண்டாள், அப்பா சொன்னது என்று குறிப்புப் போட்டு. பிறகு கேட்டாள்: "மொதல்ல அது வெறும் நூலு, கயிறு. அந்த அர்த்தத்துல இன்னும் யாராச்சும் சொல்றாங்களாம்மா?"

"இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. நமக்குக் கயிறு கயிறுதான்."

அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

கொப்பியில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருந்தாள். அதன் தலைப்பு ரயில். அதற்கு மட்டும் நான் அனுமதி கொடுக்கவில்லை. எங்கள் தோட்டத்தின் அடிவாரத்தில் ரயில்பாதை போகிறது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே மலையைக் குடைந்து போட்ட நீளமான சுரங்கம் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திராமல் அதற்குள் நடந்தே போகிறவர்கள் உண்டு. ரயில் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து, ரயில் ஊதும் சத்தம் வந்தால் என் மகள் வீட்டுக்குள் இருக்கிறாளா என்று பார்ப்பேன். "ஸ்டேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். லைன் கிளியர் குடுக்கிறத அங்க பாக்கலாம்" என்று சொல்லிவைத்தேன். சொன்னேனே தவிர, மூன்று வாரமாகக் கூட்டிப்போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, கணவர் தொழிற்சாலைக்குப் போனதும், பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். அப்படியே மேசையில் தலை சாய்ந்துவிட்டது. விழித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. கொப்பியும் இல்லை, பென்சிலும் இல்லை, மகளும் இல்லை.

கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றிவந்து கூப்பிட்டேன். மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் ஒரு பெண் தலை குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க புள்ளைங்களா? கொப்பியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கீழ்ப்பக்கமா போச்சுங்களே. நேரமாச்சு."

கீழே என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான். ரோட்டைச் சுற்றிப் போகாமல், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினேன். சேலைத் தலைப்பு செடியில் மாட்டிக் கிழிந்தது. பாதிவழியில் ரயில் ஊதியது. நீளமாக ஊதியது, சட்டென்று அடங்கியது. சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அது அந்தப் பக்கம் வெளியே வந்து மறுபடி ஊதும்வரை நான் என்ன நினைத்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

ரயில் கேட்டில் சிங்களவர் ஒருவர் காவல். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அப்படி எந்தப் பிள்ளையும் வரவில்லை என்று தலையாட்டினார். ஆனால் அவர் கன்னத்தில் நாற்காலிக் கம்பியின் தடம் பதிந்திருந்தது. தூங்கி எழுந்தவர் சொல்லை எப்படி நம்புவது? தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் பார்த்தேன். தனியாகத் தேடினால் இருட்டிவிடும். ஆட்கள் வேண்டும், உடனே வேண்டும் என்று தோன்றியது. திரும்பி மேலே ஏறினேன்.

முதலில் எதிர்ப்பட்டது கீழ் லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பரா. தப்படிக்கிறவரின் வீடு. தினமும் விடியற்காலையில் அவர் தப்பு அடித்தால்தான் தோட்டம் எழுந்து பெரட்டுக்குப் போகும். அங்கே பேர் கேட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். அவர் கோழிக்குழம்புச் சோற்றில் கைவைத்திருந்தார். என் கோலத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"புள்ளையக் காணோம். தப்ப அடிங்க. எல்லாரையும் கூப்புடுங்க!"

"அய்யையோ, என்னாங்க டீச்சரம்மா..." கையைக் கழுவிக்கொண்டே தப்பை எடுத்தார். எடுத்தவர் தயங்கினார். "எந்த அடிங்க அடிக்கிறது? சாமிக்கு ஒண்ணு இருக்கு, சாவுக்கு ஒண்ணு இருக்கு, பெரட்டுக்கு ஒண்ணு இருக்கு. புள்ளையக் காணோம்னு அடிக்க அடி இல்லீங்களே."

"எதையாச்சும் அடிங்க! சாவு மட்டும் வேணாம்!"

அவர் கொஞ்சம் யோசித்தார். திருவிழா அடி அடித்தால் ஜனம் ஆடிக்கொண்டு வரும் என்று நினைத்திருப்பார். பெரட்டையே அடித்தார்.

சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு வந்து என்ன ஏது என்று கேட்பார்கள், நான் சொல்லிவிடலாம் என்று நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. பெரட்டு அடித்தால் பெரட்டுக்களத்துக்குப் போவதுதான் வழக்கம், தப்பிடம் காரணம் கேட்பது வழக்கமில்லை. மேல் லயம், கீழ் லயம், தூரத்து லயம், எல்லாப் பக்கமிருந்தும் கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். நான் அவர்கள் பின்னால் கத்திக்கொண்டே ஏறினேன். மூச்சு வாங்கியதில் சத்தம் வெளியே வரவில்லை.

களத்தில் நான் கண்ட காட்சி சாகும்வரை மறக்காது. ஒருவருக்குப் பாதி முகத்தில் சோப்பு நுரை, பாதி முகம் வழித்தது. எண்ணெய் வடியும் தலையோடு பெண்கள். ஒருத்தி அவசரத்தில் கூடைக்குப் பதில் கோழிப்பஞ்சாரத்தை முதுகில் மாட்டியிருந்தாள். அப்படியும் பழக்கம் விடவில்லை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று ஒழுங்காக நின்றார்கள்.

"என்னாடி, ஞாயித்துக்கெழமயும் விடமாட்டானுங்களா?"

"கொழுந்து முத்திப்போச்சாம்."

"முத்துனா முத்தட்டும். எங்கொழம்பு அடுப்புல முத்துது."

மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். வார நாட்களில் காக்கிக் காற்சட்டையும் தொப்பியுமாக வருகிறவர், அன்று சாரமும் தொப்பியுமாக வந்தார். "யாருடா பெரட்டு அடிச்சது?"

தப்புக்காரர் என்னைப் பார்த்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் ஓயாமல் பேசுகிற எனக்கு அன்று இரண்டு சொல்தான் வந்தது.

"புள்ளையக் காணோம்."

அடுத்த நிமிஷம் கூடைகள் தரையில் விழுந்தன. யாரும் யாரையும் திட்டவில்லை. கங்காணி முன்னால் வந்து, "நீங்க ஆத்துப்பக்கம். நீங்க பத்துப் பேரு ரயில் பக்கம், ரெண்டு பேரு டார்ச்ச எடுத்துக்கிட்டுச் சொரங்கத்துக்குள்ள போங்க" என்று பிரித்தார். நுரை முகத்துக்காரர் துண்டால் துடைத்துக்கொண்டு முதலில் கிளம்பினார். கோழிப்பஞ்சாரத்துப் பெண் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "நாங்க போறோம்ல. கெடைச்சிருவா. அழுவாதீங்க."

அந்த நேரம் துரை பங்களாவிலிருந்து அங்கே வேலை செய்யும் அப்பு மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஸ்ட்ரைக்கான்னு தொர கேக்குறாரு! எத்தன நாளைக்குன்னு கேக்குறாரு!"

யாரும் பதில் சொல்வதற்குள் களத்தின் மேற்பக்கத்திலிருந்து நாலைந்து ஆண்கள் இறங்கி வந்தார்கள். மேல்மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, கன்று வைக்க நிலம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தவர்கள் அவர்கள். முன்னால் வந்தவர் தோளில் கட்டுக் குச்சி. அடுத்தவர் தோளில் சுற்றிய நீளக் கயிறு. அந்தக் கயிற்றின் வால்முனையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை செம்மண்ணோடு, கக்கத்தில் கொப்பியோடு என் மகள்.

வந்தவள், கலைந்தது போக மிஞ்சியிருந்த ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம எதுக்கும்மா பெரட்டு?"

கையை ஓங்கிக்கொண்டுதான் எழுந்தேன். கிட்டப் போனதும் அந்தக் கை கீழே இறங்கிவிட்டது. மண்ணில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் கூடிநின்று ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தார்கள். ஆற்றுப்பக்கமும் ரயில் பக்கமும் போனவர்களைக் கூவிக் கூப்பிட்டார்கள்.

"ஐயா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு அரைப்பேராச்சும் போடுங்க" என்றாள் ஒருத்தி. அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

"டீச்சர்கிட்டக் கேளு" என்றார் கண்டாக்கு ஐயா. பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே புள்ளையக் காணோம்னா ஸ்கூல் மணிய அடிங்க டீச்சர். தோட்டத்த அடிக்காதீங்க" என்றார்.

பள்ளிக்கூடத்து மணி என் மேசைமேல்தான் இருந்தது. தினமும் எட்டு முறை அடிக்கிறேன். அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

இரவு விசாரணை நடந்தது. அவள் கீழே இறங்கியது ரயில்பாதைக்கு அல்ல, தொழிற்சாலைக்கு. மேல்மலையில் லைன் பிடிக்கிறார்கள் என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்து ரோட்டாலேயே மேலே போயிருக்கிறாள்.

"என்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனா" என்றார் கணவர்.

"என்ன சொன்னா?"

"அது... மெஷின் சத்தத்துல கேக்கல. தலைய ஆட்டுனேன்."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மகளோ கொப்பியை என் முன்னால் விரித்தாள். அந்தக் கயிற்றில் ஒரே அளவு இடைவெளி விட்டு முடிச்சு முடிச்சாகச் சிவப்புத் துணி கட்டியிருக்குமாம். சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துப் பிடித்து, துணி வரும் இடமெல்லாம் குச்சி அடிப்பார்களாம். குச்சி நிற்கும் இடத்தில் குழி, குழியில் கன்று. "லைன இழு, லைன எறக்குன்னு அந்தக் கயித்தத்தாம்மா சொல்றாங்க. கயிறுன்னு சொல்றதே இல்ல. நீங்கதான் யாரும் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னீங்க." உள்ளங்கையைக் காட்டினாள். கயிறு இழுத்துச் சிவந்திருந்தது. நான் எண்ணெய் தடவினேன். தடவிக்கொண்டே, இனி அந்தப் பக்கம் போகக்கூடாது என்றேன்.

அழுதாள். நானும் அழுதேன். ஐந்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அவள் கண்ணெதிரே இருந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ரயில் ஊதியது. சனிக்கிழமை கணவர்தான் பேச்செடுத்தார். "பஸ்ல ஹட்டனுக்கு அனுப்புற. மலைக்கு அனுப்ப மாட்டியா? வேணும்னா நீயும் கூடப் போயேன்."

போனேன். குடை, தண்ணீர்ப் போத்தல், அவளுக்கு ஒரு கம்பளி, எனக்கு ஒரு பலகை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக ஏற்பாடு. அன்று அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. குச்சி அடிப்பவர் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார். மறுமுனை எதிர்ச் சரிவில், என் மகள் கையில். நடுவே ஒரு பள்ளம். அவள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் கால் வைத்து நிற்பதுதான் எனக்குத் தெரிந்தது.

"டீச்சரம்மா, இழுத்துப் புடிங்க!"

இழுத்தேன்.

"அய்யோ, இந்தப் பக்கமா வராதீங்க! கயித்தப் பாருங்க டீச்சரம்மா, புள்ளையப் பாக்காதீங்க!"

என்னால் முடியவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே ஒவ்வோர் அடியாக அவள் பக்கம் நகர்ந்திருக்கிறேன். அவர் திட்டிக்கொண்டே குச்சி அடித்தார். இரண்டு நிரைக்குப் பிறகு பொறுக்க முடியாமல் என்னைப் பலகைக்கே அனுப்பிவிட்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டதால் அடித்த குச்சிகளைப் பிடுங்கி மாற்ற யாருக்கும் நேரமில்லை.

மூன்று வருடமாகிறது. அந்தக் கன்றுகள் இப்போது கொழுந்தெடுக்கும் உயரத்துக்கு வந்துவிட்டன. மலை முழுக்க நிரைகள் நேராக இறங்குகின்றன. இரண்டு மட்டும், மேலே ஒழுங்காகத் தொடங்கி, பாதியில் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து போகின்றன. கொழுந்தெடுக்கும் பெண்கள் அங்கே ஒருவரோடொருவர் முட்டிக்கொள்கிறார்களாம். கண்டாக்கு ஐயாவிடம் முறையிட்டிருக்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது, வேர் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம்.